ஜப்பானியப் பழைய வாள்வித்தை: நேரில் பார்த்ததில் மனசைவிட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

நிஷிகசாய் நரி:

நவம்பர் 3 அன்று டோக்கியோ மெய்ஜி கோயிலில் பழைய வித்தைப் பள்ளிகள் எல்லாம் வந்து செய்து காட்டுவார்களே, அதற்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் கெண்டோ (மூங்கில் வாள் விளையாட்டு) பழகும் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பழைய பள்ளிகளைத்தான் கோரியு என்பார்கள். புல்வெளியில் ஒரு பள்ளி முடிந்ததும் அடுத்தது. ஈட்டி, நீளக் கம்பில் வாளலகு பொருத்திய நகினாதா, சங்கிலி கட்டிய அரிவாள் எல்லாம் வந்தன, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

கட்டோரி ஷிந்தோ-ரியு முறை வந்தது. ஒரு பக்கம் எழுபதைத் தாண்டிய பெரியவர், எதிரே காலேஜ் பையன். இருவர் கையிலும் மரவாள். அவர்களுடைய கட்டா, அதாவது முன்பே வகுத்து வைத்த அடி வரிசை, நீளமானது. மூச்சு விடாமல் மாறி மாறி அடி விழுந்துகொண்டே போகும். கடைசியில் பையனின் வாள் பெரியவரின் மணிக்கட்டுக்கு மேலே வந்து நின்றது. இடையில் ஒரு தாள் நுழையும், அவ்வளவுதான். பெரியவர் வாளைப் பார்க்கவேயில்லை. பையனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் பின்வாங்கி அடுத்ததை ஆரம்பித்தார்கள். அதிலும் பெரியவர்தான் தோற்றார். அதற்கடுத்ததிலும் அப்படியே.

கெண்டோக்காரரிடம் கேட்டேன். "பெரியவர்தான் தோற்க வேண்டும், அதுதான் முறை" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டார். கராத்தே கிளாஸில் மாஸ்டர் மாணவனிடம் அடி வாங்கி நான் பார்த்ததே கிடையாது. ஏன் இப்படி? யாராவது சொல்லுங்கள், இல்லை உங்கள் அனுபவத்தையாவது எழுதுங்கள்.

தயிர்சாதம் கியோட்டோ:

கட்டோரி பற்றி எனக்குத் தெரியாது. நான் இயாய் பழகுகிறேன், உட்கார்ந்தபடி வாளை உருவுகிற வித்தை. எதிராளி கிடையாது, ஆகவே யார் தோற்பது என்ற பிரச்சினையும் கிடையாது.

மே மாத ஆரம்பத்தில் கியோட்டோவில் ஹெய்யான் கோயில் பக்கத்தில் இருக்கும் புடோகுடென் கூடத்தில் பெரிய கூடுகை நடக்கும். 1899-இல் கட்டிய மரக்கூடம். கெண்டோ ஆட்கள்தான் அதிகம், ஆனால் இயாய்க்கு ஒரு நாள் உண்டு. ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஒரு பாட்டி, ஹகாமா என்ற மடிப்புக் கீழாடை கட்டி, முறைக்குக் காத்திருந்தார். கையில் இருந்தது நிஜ வாள். எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கும் துத்தநாக அலுமினியக் கலவை வாள் இல்லை.

பெயர் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பாட்டி விரலை நாக்கில் தொட்டு, கைப்பிடியில் இருக்கும் மெகுகியை ஈரம் செய்தார். மெகுகி தெரியும் இல்லையா, அந்தச் சின்ன மூங்கில் ஆணி. வாள் முழுவதும் கைப்பிடியில் நிற்பதே அந்த ஒரு ஆணியின் புண்ணியத்தில்தான். ஈரம் பட்டால் மூங்கில் கொஞ்சம் உப்பும், கழன்று விழாது. சண்டைக்குப் போகிறவன் மெகுகியை நனைப்பான் என்று பழைய கதைகளில் வரும். நான் அதை வெறும் பேச்சு வழக்கு என்றே நினைத்திருந்தேன். இவர் நிஜமாகவே செய்தார், நாம் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே, அந்த அலட்சியத்தோடு.

அப்புறம் போய் உருவினார், வெட்டினார், உறையில் போட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நினைவில் நிற்பது அந்த விரல் மட்டும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு: பயிற்சிக்கு முன்னால் மெகுகியைக் கட்டாயம் பாருங்கள். கருத்த, நன்றாகக் காய்ந்த மூங்கில்தான் வேண்டும். சாப்ஸ்டிக்கைச் சீவிச் சொருகும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு எதிரே நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.

காஞ்சி வேங்கை:

எல்லாரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். இதெல்லாம் நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போனதுதான். நான் டூரில் போனபோது தக்கசாக்கி ஊரில் தருமா பொம்மைகளை, அதாவது போதிதர்மர் உருவப் பொம்மைகளை, கோயில் முழுக்க அடுக்கி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். கடைக்காரரிடம் "இவர் எங்கள் ஊர்" என்று கூகுள் மொழிபெயர்ப்பில் காட்டினேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த மரியாதை நம் ஊரில் இருக்கிறதா?

சாவாரா படகு:

வேங்கை சார், தருமா பொம்மை சரி. ஸென் பௌத்த மரபுக்குப் போதிதர்மர் மூலவர், அதில் யாருக்கும் சண்டை இல்லை. அவர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய குறிப்பும் இருக்கிறது. அவரைப் பாரசீகர் என்று சொல்லும் 6-ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பும் இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் நம் ஆட்கள் மூச்சு விடமாட்டார்கள். சண்டை வித்தையை அவர்மேல் ஏற்றியது யிஜின் ஜிங் என்ற நூல். அது 17-ஆம் நூற்றாண்டு. அவர் காலத்துக்கும் அதற்கும் நடுவே ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. அதிலும் இருப்பது உடற்பயிற்சி, வாள் கிடையாது.

நரி பார்த்த கட்டோரி பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஈசாசா இயெனாவோ ஆரம்பித்தது. கட்டோரி கோயிலில் ஆயிரம் நாள் நோன்பிருந்து, ஃபுட்சுநுஷி என்ற தெய்வத்திடமிருந்து வித்தையைப் பெற்றார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அது ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் தெய்வம். போதிதர்மருக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தியத் தொடர்பு வேண்டும் என்றால் ஆதாரத்தோடு ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்களேன். ஜப்பானிய வீரர்கள் கும்பிட்ட மாரிஷிதென். சம்ஸ்கிருதத்தில் மாரீசி, பௌத்தத்தோடு போன பெண் தெய்வம், பன்றிமேல் வருவாள். (ராமாயண மாரீசன் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) கானல் ஒளியின் தெய்வம் என்பதால் எதிரியின் கண்ணில் படாமல் காப்பாள் என்று நம்பினார்கள். ஃபுடோ மியோ-ஓ என்ற தெய்வமும் அப்படித்தான், கையில் வாளோடு தீக்கு நடுவில் இருப்பாரே, நம் அசலநாதர்தான் அவர். இதைச் சொன்னால் யாரும் ஷேர் செய்யமாட்டார்கள், அதுதான் சிக்கல்.

என் அனுபவம் சின்னது. சாவாராவில் வேலை, கட்டோரி கோயில் பக்கம்தான். ஈசாசா குடும்பத்துப் பழைய டோஜோ (பயிற்சிக் கூடம்) வீடு கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வித்தையைச் சிபா மாகாணம் 1960-இல் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அங்கே பழகிய ஒருவர் எங்கள் கம்பெனியில் லாரி ஓட்டுகிறார். ஒருநாள் டீ இடைவேளையில் நான் சும்மா, "ஒரே ஒரு அடி காட்டுங்களேன்" என்றேன். டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வலது கை விரலைக் காட்டினார். "இதில் குத்தி, ரத்தத்தில் முத்திரை வைத்திருக்கிறேன். வீட்டு ஆட்களுக்கே காட்டமாட்டேன் என்று." விரலில் ஒரு தழும்பும் இல்லை. ஊசிக் குத்துத்தானே, எப்படி இருக்கும். ஆனால் அவர் காட்டிய விதத்தில் நான் குனிந்து தேடினேன். சூதாடக் கூடாது, கெட்ட இடங்களுக்குப் போகக் கூடாது என்பதும் அந்த உறுதிமொழியில் உண்டாம். பச்சிங்கோ இயந்திரத்தில் காசு வைத்து விளையாடினால் கணக்கில் வருமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் லாரிக்குப் போய்விட்டார்.

காஞ்சி வேங்கை:

ஆதாரம் ஆதாரம் என்றே பேசி நம் பெருமையை அழிப்பது ஒரு கூட்டத்துக்குத் தொழிலாகிவிட்டது.

இரண்டாம் பிளாட்பாரம்:

இரண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்கள். வாள் வாங்கி ஊருக்குக் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்.

டோக்கியோவில் ஒரு வாள் கடைக்கு மச்சானைக் கூட்டிப் போனேன். கடைக்காரர் வெள்ளைத் துணி விரித்து, உறையிலிருந்து எடுத்த வாளைக் கொடுத்தார். மச்சான் வாளின் கூர்விளிம்போரம் ஓடும் அலைவரியைப் பார்த்து "என்னடா இது, மேகம் மாதிரி" என்று சொல்லிக்கொண்டே விரலால் தொட்டுவிட்டான். கடைக்காரர் முகம் மாறவில்லை. வாளை இரண்டு கையாலும் திரும்ப வாங்கி, மெல்லிய தாளால் அந்த இடத்தைத் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். எண்ணெய் தடவினார். உறையில் போட்டார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "டீ சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். வேறு வாள் எதுவும் வெளியே வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் எஃகு வாள் எதுவாக இருந்தாலும் பதிவுச் சீட்டு இருக்க வேண்டும், மாகாணக் கல்வி வாரியம் கொடுப்பது. சீட்டு இல்லாத வாளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நாட்டுக்கு வெளியே கொண்டுபோகப் பண்பாட்டு முகமையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தப் பதிவுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் டூரில் முடிகிற காரியம் இல்லை, நல்ல கடை என்றால் அவர்களே செய்து அனுப்புவார்கள். தேசியப் பொக்கிஷம் அளவுக்கு உள்ளவை வெளியே போகவே போகாது. புது வாள் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். உரிமம் வாங்கிய கொல்லர் மாதத்துக்கு நீள வாள் இரண்டுதான் அடிக்கலாம் என்று விதி. உரிமம் வாங்கவே குருவிடம் ஐந்து வருடம் இருக்க வேண்டும். வாளுக்கான எஃகும் கடையில் வாங்குகிற சாதா எஃகு இல்லை, தமஹகானே என்ற தனி வகை. ஷிமானே மாகாணத்தில் ஒகுயிசுமோ என்ற ஊரில் இரும்பு மணலையும் கரியையும் மண் உலையில் மாறி மாறிப் போட்டு, மூன்று நாள் அணையாமல் எரித்து எடுப்பது. 1977-இல் அந்த உலையை மறுபடி ஆரம்பித்திருக்காவிட்டால் இன்றைய கொல்லர்கள் திண்டாடியிருப்பார்கள். நம்மூர் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் என்ன சொல்லும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். அலங்காரத்துக்குத்தான் வேண்டும் என்றால் அந்தக் காசில் நல்ல சுபா ஒன்று வாங்குங்கள், கைக்காப்புத் தகடு. சட்டைப்பைக்குள் அடங்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

தயிர்சாதம் கியோட்டோ:

இங்கே யாரும் வாள் வாங்குவதைப் பற்றிக் கேட்கவில்லையே சார்? ஆனால் மச்சான் கதை பிரமாதம்.

கம்புக்காரி:

ஃபுக்குவோக்காவில் இருக்கிறேன். ஜோ பழகுகிறேன், ஷிந்தோ முசோ-ரியு. 128 சென்டிமீட்டர்க் கம்பு, எதிரே வாள். பேர்பெற்ற வாள்வீரர் முசாஷியிடம் தோற்ற முசோ கொன்னொசுக்கே அப்புறம் யோசித்துக் கண்டுபிடித்தது என்ற கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள்.

பெரியவர் ஏன் தோற்க வேண்டும் என்று நரி கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. தோற்கும் பக்கம் உச்சிதாச்சி, ஜெயிக்கும் பக்கம் ஷிதாச்சி. எங்கள் பள்ளியிலும் வாள் பிடிக்கும் உச்சிதாச்சிதான் மூத்தவர், கம்புதான் எப்போதும் ஜெயிக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில், எப்போது என்பதையெல்லாம் அவர்தான் தீர்மானிக்கிறார். குழந்தைக்கு நடை பழக்கும்போது கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போவோமே, அந்த வேலை. முன்னால் வருவது குழந்தைதான், ஆனால் எங்கே போகிறோம் என்பது பெரியவருக்குத்தான் தெரியும். தகுதியில்லாத ஆளை உச்சிதாச்சியாக நிறுத்தினால் மாணவன் பொய்யான தூரத்தைப் பழகிவிடுவான். நீங்கள் பார்த்த மணிக்கட்டு இடைவெளி பையனின் திறமை மட்டும் இல்லை. பெரியவர் கையை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

எனக்கு உச்சிதாச்சி நிற்பவர் எண்பதைத் தாண்டியவர். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். போன குளிர்காலத்தில், நான் நன்றாகப் பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு கட்டாவில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட அரையடி உள்ளே வந்து வெட்டினார். யோசிக்க நேரமே இல்லை. மரவாள் என் நெற்றி முடியைத் தொட்டு நின்றது, என் கம்பு இன்னும் பாதி வழியில் இருந்தது. கட்டாப்படி நான் ஜெயித்திருக்க வேண்டும். அவர் வாளை எடுக்காமல் அப்படியே நின்று, "இன்றைக்கு எனக்கு வயது குறைவு" என்றார். பின்வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். மறுபடியும் செய்தோம், மறுபடியும் அரையடி உள்ளே வந்தார். அந்த நெற்றியை இன்னும் சில சமயம் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

எரிமலை டீக்கடை:

கம்புக்காரி அக்கா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது. ககோஷிமாவில் ஜிகென்-ரியு பாருங்கள். கைநீட்டிக்கொண்டு யாரும் பின்னால் வரமாட்டார்கள். முக்கியப் பயிற்சிக்கு எதிராளியே ஒரு கட்டைதான், தரையில் நட்டு வைத்த மரக்கட்டை. அதை யூசு மரக் கம்பால் ஓடி ஓடி அடிப்பது. காலையில் மூவாயிரம், மாலையில் எட்டாயிரம் அடி என்பது அந்தக் காலத்துக் கணக்கு. டோகோ ஷிகெகாட்டா ஆரம்பித்தது, சட்சுமா (ககோஷிமாவின் பழைய பெயர்) சாமுராய்களின் வித்தை. முதல் வெட்டிலேயே முடிந்துவிட வேண்டும், இரண்டாவது வெட்டைப் பற்றி நினைக்கவே கூடாது. சட்சுமாக்காரனின் முதல் வெட்டிலிருந்து விலகிக்கொள் என்று ஷோகுன் ஆட்சியின் காவல்படையான ஷின்சென்குமியின் தலைவர் கொண்டோ இசாமி தன் ஆட்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு.

1876-இல் அரசு வாள் கட்டிக்கொண்டு நடமாடத் தடை போட்டது. அடுத்த வருடமே இதே ஊர் சைகோ தகாமோரி தலைமையில் அரசை எதிர்த்துக் கிளம்பிப் போய்த் தோற்றது. இப்போது அந்த வித்தையைப் பழகுகிறவர்களில் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளும் உண்டு.

ஒருத்தியைப் பார்த்தேன். சோடாபுட்டிக் கண்ணாடி, ஸ்கூல் ஜெர்சி, அம்மா பக்கத்தில் குடையோடு. கம்பை வலது தோளுக்கு மேலே வானத்தைப் பார்க்கத் தூக்கினாள். பிறகு கத்தினாள் பாருங்கள், அந்த உடம்பிலிருந்து அந்தச் சத்தம் வரும் என்று நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. குரங்குக் கூச்சல் என்றே அதற்குப் பெயர். கத்திக்கொண்டே ஓடி வந்து கட்டையை இடதும் வலதுமாக வெளுத்தாள், பட்டை தெறித்து என் காலடியில் விழுந்தது. மூச்சு தீரும்வரை நிறுத்தவில்லை. நிறுத்திய பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் சலித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "நாங்கள்தான் பக்கத்து வீடு" என்றார்.