புதுப்பிப்பு: பெரியப்பாவின் மயலோமாவும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும்

பெரியப்பாவுக்கு மல்டிபிள் மயலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய்), மாத்திரை ஊசிக்கே நோய் நன்றாக அடங்கியிருக்கிறது, பிறகு எதற்கு மஜ்ஜை மாற்று என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் டோனர் கிடைத்தாரா என்று விசாரித்தீர்கள். டோனரே வேண்டாம், ரத்த அணுக்களை உருவாக்கும் அவருடைய ஸ்டெம் செல்தான். உண்மையில் நோயை அழிக்கும் வேலை செய்வது மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து, வழக்கமாக உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 200 மி.கி. அந்த அளவு மஜ்ஜையையும் சேர்த்து வழித்துவிடும். முன்கூட்டியே ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைத்த செல்களைத் திருப்பி ஏற்றினால்தான் அணுக்கள் சீக்கிரம் மீளும். மருந்து ஏறும்போது வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் துண்டு சப்பணுமாம். "சளி பிடிக்காதா டாக்டர்?" என்றார் பெரியம்மா.

என் கேள்விக்கு டாக்டர் காட்டியது 2022-இல் வெளியான டிட்டர்மினேஷன் ஆய்வு. மாற்று செய்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (median) 67.5 மாதம், செய்யாதவர்களுக்கு 46.2. ஆனால் அதுவரையிலான கணக்கில் மொத்த ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் உடல் தாங்குபவர்களுக்கு மருத்துவ வழிகாட்டு நெறிகள் இன்னும் இதைப் பரிந்துரைத்தாலும், செல்லைச் சேமித்துவிட்டுத் தள்ளிப்போடுவதையும் தவறென்று சொல்வதில்லை. பெரியப்பா இப்போதே முடித்துவிடலாம் என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பிறகு நோயை அடக்கி வைக்க லெனலிடோமைடு மாத்திரை தொடரும்.

சிஎம்எல் (இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்) பற்றிக் கேட்ட நண்பருக்கு: அது வேறு கதை. 2001-இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தபின் அங்கே மாற்று பின்வரிசைக்குப் போய்விட்டது. மாத்திரைகள் கேட்காதபோதோ நோய் முற்றிய கட்டத்திலோதான் பேச்செடுப்பார்கள்.