அம்மாவுடன் ஓட்டுப் போடும் இடத்துக்குள் என்னை விடவில்லை. 6 மணிக்குள் என்ன செய்யலாம்?

முத்துச்சிப்பி (பிற்பகல் 1:40)
அவசரம். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. பூத்துக்கு அழைத்துப் போனேன். நான் கூட வரக்கூடாது என்று அதிகாரி மறுத்துவிட்டார். பேசிப் பார்த்தேன், பயனில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம். 6 மணியோடு வாக்குப்பதிவு முடிகிறது. யாரிடம் புகார் செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

நிழல்குடை (1:43)
தேர்தல் ஆணைய உதவி எண் 1950க்கு அடியுங்கள். தேர்தல் விதிமீறலைப் புகார் செய்யும் சி-விஜிலிலும் போடலாம். விடாதீர்கள்.

தாழ்வாரம் (1:46)
எந்த அதிகாரி? வாசலில் நின்ற போலீஸா, பட்டியலில் பெயர் பார்ப்பவரா, பூத்துக்குப் பொறுப்பான தலைமை அலுவலரா? ஆளுக்கு ஆள் பதில் மாறும். அம்மா விரலில் மை வைத்தார்களா, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்களா, அதையும் சொல்லுங்கள்.

கோடைமேகம் (1:47)
இது அடையாள அட்டைப் பிரச்சினைதான். ரேஷன் கார்டை நீட்டியிருப்பீர்கள். அது செல்லாது. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாஸ்புக் என்று 12 ஆவணங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று வேண்டும். பூத் சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போடுவது 2019லேயே முடிந்துபோனது.

பனைஓலை (1:52)
எனக்கென்னவோ செல்போன் என்றுதான் தோன்றுகிறது. போன முறை என் சித்தப்பாவைத் திருப்பி அனுப்பியது அதற்காகத்தான். இப்போது வாசலிலேயே போனைக் கொடுத்துவைக்க ஏற்பாடு செய்யச் சொல்லி 2025இல் தேர்தல் ஆணையம் அறிவித்திருக்கிறது. பையில் போன் இருந்ததா?

கோடைமேகம் (1:53)
போன் இருந்தால் "போனை வைத்துவிட்டு வா" என்பார்கள். "கூட வராதே" என்று ஏன் சொல்லப் போகிறார்கள்?

விதிவேந்தன் (1:58)
கேள்வி கேட்பதற்கு முன் விதியை ஒருமுறையாவது படித்திருக்கலாம். இங்கே யாரும் அதைச் செய்வதில்லை. 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள், விதி 49-என். பார்வைக் குறைவாலோ வேறு உடல் குறைபாட்டாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியவில்லை என்று தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் துணையாளர், அதாவது கூடப் போய் வாக்காளர் சொன்னபடி ஓட்டைப் பதிகிறவர், அனுமதிக்கப்படுவார். "கண் சரியாகத் தெரியாது" என்றால் என்ன அர்த்தம்? கண்ணாடி போட்டால் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் ஒரு காரணம் ஆகாது. எத்தனை முறை இதையே எழுதுவது?

தாழ்வாரம் (2:01)
அவர் எழுத்தறிவு பற்றிக் கேட்கவே இல்லையே, ஐயா.

முத்துச்சிப்பி (2:09)
வாக்காளர் அட்டை இருக்கிறது. போனை எடுத்துப் போகவில்லை. சொன்னது தலைமை அலுவலர்தான். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது, வெளிச்சம் மட்டும் தெரியும். அதை அவர் மறுக்கவில்லை. மை வைக்கவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. "நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை செய்தாகிவிட்டது" என்றார். என் ஓட்டைப் போட்டுவிட்டதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது எப்படிக் காரணமாகும்?

தாழ்வாரம் (2:11)
இன்று காலையில் வேறு யாருக்காவது துணையாகப் போனீர்களா?

முத்துச்சிப்பி (2:14)
ஆமாம், அப்பாவுக்கு. அவருக்குக் கை நடுக்கம். பொத்தானை நான்தான் அழுத்தினேன். அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே.

தாழ்வாரம் (2:20)
அதுதான் விஷயம். ஒரே நாளில் ஒருவர் ஒரு வாக்காளருக்கு மட்டும்தான் துணையாளராக இருக்கலாம். காலையில் உங்களிடம் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஓட்டை ரகசியமாக வைப்பேன், இன்று வேறு எவருக்கும் துணையாகப் போகவில்லை என்று அதில் இருக்கும். துணையாளரோடு ஓட்டுப் போட்டவர்களைக் குறித்துவைக்கும் படிவம் 14ஏயில் உங்கள் பெயரும் ஏறியிருக்கும். அதே ஆள் மறுபடி வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரிதான். ஆனால் வேறு ஆளை அழைத்து வாருங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அம்மா இன்னும் ஓட்டுப் போடவில்லை, மையும் இல்லை. ஆகவே மறுபடி போகலாம். 18 வயது நிறைந்த வேறு யாரையாவது அழைத்துப் போங்கள். கைபிடித்து அறைக்குள் கூட்டிப்போவதற்கு உங்களுக்குத் தடையில்லை. நடக்க உதவி தேவைப்படுகிறவரோடு ஒருவர் உள்ளே வர விதி இடம் கொடுக்கிறது. இயந்திரம் இருக்கும் மறைப்புக்குள் மட்டும் நீங்கள் போகக்கூடாது.

பனைஓலை (2:24)
இது அநியாயம். அப்பா, அம்மா இருவருக்கும் முடியாத வீட்டில் ஒரே பிள்ளை என்ன செய்வான்? சட்டம் எழுதியவருக்கு வயதான பெற்றோர் இல்லை போலிருக்கிறது.

கோடைமேகம் (2:28)
அந்த வரம்பு இல்லாவிட்டால் ஒரே கட்சிக்காரர் தெருவில் இருக்கிற பாட்டிமாரையெல்லாம் வரிசையாக அழைத்து வந்து, எல்லாருக்கும் தானே பொத்தானை அழுத்திவிட்டுப் போவார்.

விதிவேந்தன் (2:33)
நான் சொன்ன 49-என் விதியில்தான் இந்த நிபந்தனையும் இருக்கிறது. முழுதாகப் படித்திருந்தால் இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது. 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீத ஊனச் சான்று உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். அதற்கு விண்ணப்பம் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்து 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இன்று கேட்டுப் பயனில்லை.

நிழல்குடை (2:35)
முழுதாகப் படித்தவர் அதை முதலிலேயே எழுதியிருக்கலாமே 🙂

முத்துச்சிப்பி (2:41)
வீட்டில் வேறு ஆள் இல்லை. அக்கா மகள் இருக்கிறாள், 17 வயது. ஆகுமா? வெளியே பந்தலில் இருந்த கட்சிக்காரர் ஒருவர் "நான் வருகிறேன் தம்பி" என்றார். கரை வேட்டி கட்டியிருந்தார். யோசனையாக இருக்கிறது.

தாழ்வாரம் (2:44)
17 ஆகாது. கட்சிக்காரர் வேண்டாம். அம்மா சொன்ன பொத்தானைத்தான் அழுத்தினாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அக்கம்பக்கத்தில் அம்மா நம்புகிற பெண்கள் யாரும் இல்லையா? பூத் ஊழியர்களைக் கேட்காதீர்கள், அவர்கள் துணையாளராக வர மாட்டார்கள். இயந்திரத்தில் பிரெய்லி எண்கள் உண்டு. அம்மாவுக்கு பிரெய்லி தெரிந்தால் யாருமே தேவையில்லை.

பனைஓலை (2:46)
கரை வேட்டியோடு பூத் பக்கம் நின்றாரா? அதுவே குற்றம்.

கோடைமேகம் (2:49)
வேட்டி கட்டுவது எப்படிக் குற்றமாகும்? நூறு மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது, தேர்தல் தொடர்பான சின்னம், அறிவிப்பு காட்டக்கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 130ஆம் பிரிவு. துணியின் கரையைப் பற்றி அதில் எங்கே இருக்கிறது?

பனைஓலை (2:51)
கரையைப் பார்த்தால் எந்தக் கட்சி என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். சின்னம் வேறு, கரை வேறா?

நிழல்குடை (2:55)
130இல் அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 250 ரூபாய். வேட்டியின் விலை அதைவிட அதிகம்.

விதிவேந்தன் (3:02)
அபராதம் குறைவு என்று சிரிப்பவர்கள் அதே பிரிவின் கடைசி உட்பிரிவையும் பார்க்கவும். வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். வேட்டி விஷயத்தில் அங்கே இருக்கும் தலைமை அலுவலர் முடிவு செய்வார். நீங்கள் அல்ல.

கோடைமேகம் (3:05)
அதைத்தான் நானும் சொல்கிறேன். தானாகவே குற்றம் என்று யாரும் அறிவிக்க முடியாது.

பனைஓலை (3:06)
நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

தாழ்வாரம் (3:40)
முத்துச்சிப்பி, என்ன ஆயிற்று? தாமதமானாலும் பயப்படாதீர்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தலைமை அலுவலர் சீட்டுக் கொடுப்பார். கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்கி முன்னால் வருவார்கள். சீட்டு வாங்கியவர் 6 மணிக்குப் பிறகும் ஓட்டுப் போடலாம்.

முத்துச்சிப்பி (5:12)
எதிர்வீட்டு அக்கா வந்தார்கள். அதே அதிகாரிதான். பத்து நிமிடத்தில் முடிந்தது. நன்றி.

பனைஓலை (5:15)
மகிழ்ச்சி. அந்த வேட்டிக்காரர் இன்னும் அங்கேயேதான் நின்றாரா?