இரத்தமே இல்லாத விளையாட்டில் இவ்வளவு ஆத்திரம் ஏன்?

மன்னார்குடித் தாய்:
பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனின் கைப்பேசியிலிருந்து துப்பாக்கிச் சண்டை விளையாட்டை நீக்கிவிட்டு, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டை நானே ஏற்றிக் கொடுத்தேன். நேற்று அதில் தோற்றதும் தலையணையைச் சுவரில் வீசியடித்து, சாப்பிடக் கூப்பிட்ட தங்கையிடம் எரிந்து விழுந்தான். சண்டையே இல்லாத ஆட்டத்தில் இது எப்படி?

தஞ்சாவூர் ஆசிரியர்:
அம்மா, நீங்கள் வீட்டில் கண்டதை ஆக்ஸ்ஃபோர்டு, ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனையிலேயே கண்டு 2014-இல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் முதலில் 25 விநாடி குளிர்நீரில் கையை வைத்திருந்தார்கள். பிறகு சிலருக்கு, உங்கள் மகன் ஆடுவதுபோல விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டின் எளிய வடிவமும் மற்றவர்களுக்கு வேண்டுமென்றே கடினமாக்கிய வடிவமும் தரப்பட்டன. அடுத்து வருபவர் எத்தனை விநாடி கையை வைக்க வேண்டும் என்று கேட்டபோது, கடினமான ஆட்டம் ஆடியவர்கள் சராசரியாக 10 விநாடி கூடுதலாக விதித்தார்கள். ஹாஃப்-லைஃப் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் வன்முறையை எடுத்துவிட்டும் பார்த்தார்கள். அங்கும், பயிற்சியின்றி ஆட விடப்பட்டவர்களிடமே சீற்றம் மிகுந்திருந்தது. சுடுவதைவிட, தன்னால் இயலவில்லை என்ற உணர்வே மனிதரை அதிகம் சுடுகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

திருவையாற்று இளைஞர்:
ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கதை விளையாட்டில் செத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எரிச்சல் ஒரு மூச்சில் போய்விடும். பப்ஜி போன்றவற்றில் 100 பேர் குதித்து ஓர் அணிதான் வெல்லும் என்பதால், தோல்வியே அன்றாடச் சாப்பாடு. ஆனால் எங்கள் வயலோர வீட்டில் சிக்னல் தடுமாறும்போது, நான் சுட்ட பிறகும் எதிரி ஓடிக்கொண்டே இருப்பான்; தோற்றதைவிட அந்தக் கையாலாகாத்தனம்தான் தாங்க முடியாதது. பாதியில் கரண்டு போனால் கூட்டாளிகளிடம் வாங்கும் திட்டு தனிக்கணக்கு.

கும்பகோணம் வாசகர்:
அந்தத் திட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், தம்பி. முகம் தெரியாதவர்கள் காதுக்குள் வசைபாடும் ஆட்டத்தையும், தனியே கட்டை அடுக்குவதையும் நான் ஒரே தராசில் வைக்கமாட்டேன். அம்மா, மகன் அடுத்த முறை ஆடும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.

மன்னார்குடித் தாய்:
அமர்ந்து பார்த்தேன். கைப்பேசித் திரையின் வலது கீழ் மூலையில் விரிசல் இருக்கிறது. கட்டையைத் திருப்பும் பொத்தான் சரியாக அங்கேதான் வருகிறது. மூன்று முறை அழுத்தினால் ஒரு முறைதான் திரும்புகிறது. நான் ஆடியபோதும் நான்காவது நிமிடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.