கடை மெயிலுக்குள் ஒளிந்திருக்கும் வவுச்சரை எப்படிப் பிடிப்பது?

மாடிவீட்டு மல்லி:
ஜூனில் பள்ளி திறந்த சமயம் பையனுக்கு ஷூவும் இரண்டு பேண்ட்டும் வாங்கினேன். பில் போட்ட பெண் போன் நம்பர், மெயில் எல்லாம் கேட்டுக்கொண்டு, "300 ரூபாய் வவுச்சர் மெயில்ல வரும்க்கா" என்றாள். வந்தது, ஆனால் வந்த லட்சணத்தைக் கேளுங்கள். தலைப்பு மழைக்கால ஃபேஷன். உள்ளே குடை பிடித்த பெண்கள், குர்தி, செருப்பு, மறுபடி குர்தி. எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் என் வவுச்சர். நான் பார்க்கும்போது தேதி முடிந்து இரண்டு நாள். கடையில் கேட்டால் "சிஸ்டம் எடுக்காதுக்கா".

ஜிமெயிலில் ப்ரொமோஷன்ஸ் பகுதியில் 2,140 மெயில் கிடக்கிறது. ஒவ்வொன்றாகத் திறக்காமல் இதை எடுக்க வழி உண்டா?

பழைய கணக்கர்:
முக்கால்வாசி எடுக்கலாம் அம்மா. தேடல் பெட்டியில் கடை பெயரோடு வவுச்சர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அப்புறம் ரிவார்டு, பாயிண்ட்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். தலைப்பில் இல்லாவிட்டாலும் உள்ளே எழுத்தாக இருந்தால் சிக்கும். படமாகப் போட்டிருந்தால் தேடலை நம்ப வேண்டாம், கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மெயில் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் வாலை வெட்டிவிடும். இது படங்களின் எடை அல்ல, பின்னால் இருக்கும் எச்டிஎம்எல் என்ற நிரல் எழுத்தின் எடை. கடைசியில் முழு மெயிலையும் பார்க்கச் சின்னதாக ஒரு லிங்க் இருக்கும். அதைத் தட்டினால்தான் மிச்சம் தெரியும்.

யாரும் எடுக்காமல் போகும் வவுச்சருக்கு இந்தத் தொழிலில் 'பிரேக்கேஜ்' என்று பெயரே உண்டு. கணக்கு எழுதியவன் சொல்கிறேன், உங்கள் மறதிக்கும் அவர்கள் ஏட்டில் ஒரு வரி இருக்கிறது.

கோவைக் கஞ்சன்:
ஸ்பேமையும் பாருங்க. சாதாரணமாகத் தேடினால் அதற்குள் போகாது, 30 நாளில் தானாக அழிந்தும் போகும். என் பிறந்தநாள் வவுச்சர் அங்கேதான் படுத்திருந்தது. கிடைத்த கையோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு, கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னால் போனில் அலாரம் வைப்பேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ரசீது ராணி:
ஸ்பேமில் எடுத்ததென்றால் லிங்க்கைத் தொடாதீர்கள். வவுச்சர் கோட் (code) மட்டும் குறித்துக்கொண்டு கடையின் ஆப்பிலோ கவுண்டரிலோ போட்டுப் பாருங்கள். கார்டு நம்பர் கேட்கிற வவுச்சர் வவுச்சரே இல்லை. பல கடைகளில் போன் நம்பரைச் சொன்னாலே பாயிண்ட் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார்கள். வெட்கப்படாமல் கேளுங்க மல்லி.

மாடிவீட்டு மல்லி:
கணக்கர் ஐயா, நீங்கள் சொன்ன வெட்டுப்பட்ட வாலில்தான் இருந்தது! வேறொரு கடை, 250 ரூபாய், ஞாயிறு வரை. ஆனால் 999க்கு வாங்கினால்தானாம். பையனுக்கு சாக்ஸ், மாமியாருக்கு இரண்டு நைட்டி, அதற்கும் 60 ரூபாய் குறைந்ததால் தேவையே இல்லாத ஒரு கர்ச்சீப் செட். கவுண்டரில் வவுச்சர் கோட் இரண்டு தடவை ஏறவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, எனக்கு வியர்த்துவிட்டது. நாங்கள் 'ஓ' என்று அடித்துக்கொண்டிருந்தது சைபர்.