சிசிடிவி பதிவை போலீஸுக்கு எப்படிக் கொடுத்தால் கோர்ட்டில் நிற்கும்?

தாழ்ப்பாள்:
அபார்ட்மென்ட் வாசலில் வண்டித் திருட்டு. சங்கத்தின் டி.வி.ஆரில் (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டி) பதிவு இருக்கிறது. 8 கேமரா, 2 டி.பி. ஹார்ட் டிஸ்க். ஸ்டேஷனில், "கிளிப்பை வாட்ஸாப்ல அனுப்புங்க, கேமரா ஆப் பாஸ்வேர்டும் கொடுங்க" என்கிறார்கள். அனுப்பலாமா? இலவச மென்பொருளை வைத்தே முறையாக எடுத்துத் தர வழி உண்டா?

ஒயர்மேன்:
முதல் எதிரி நாள்தான். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் எழுதினால் நாளுக்கு 21.6 ஜி.பி.; எட்டுக்கும் சேர்த்து சுமார் 173. பதினோரு நாள் தாண்டினால் டிஸ்க் நிரம்பி, பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். போலீஸ் லெட்டர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இன்றே எடுத்து வையுங்கள், கொடுப்பதைப் பிறகு பார்க்கலாம். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து எடுங்கள்.

எடுக்கும் முன், டி.வி.ஆர். திரையில் ஓடும் நேரமும் செல்போன் காட்டும் நேரமும் ஒரே படத்தில் விழும்படி இன்னொரு போனில் படம் பிடியுங்கள். கடிகாரம் 7 நிமிடம் முந்தியிருந்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பழைய பதிவில் விழுந்த நேரம் மாறப்போவதில்லை. எவ்வளவு பிசகு என்பதற்கான ஆதாரம்தான் போகும்.

பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும், பல டி.வி.ஆர்கள் வேறெதையும் ஏற்காது. அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது என்பதால் பதிவு துண்டு துண்டாக வரும், பயப்படாதீர்கள். டி.வி.ஆரின் சொந்த வடிவத்தில் ஒரு நகல், சும்மா பார்ப்பதற்கு எம்.பி.4 ஒரு நகல்.

பென்குயின்:
வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும். நம்பர் பிளேட் அங்கேயே மங்கிவிடும், ஹாஷும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) மாறிவிடும்.

ஹாஷ் எடுக்க 7-ஜிப் என்ற இலவசத் திறமூல மென்பொருள் (ஓப்பன் சோர்ஸ்) போதும். கோப்பின் மேல் ரைட் கிளிக், சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ. மெனு, எஸ்.எச்.ஏ.-256. வருகிற 64 எழுத்தைக் கையால் எழுதாதீர்கள், காப்பி செய்து பிரின்ட் எடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஹாஷ். பெயரை மாற்றினாலோ ஓட்டிப் பார்த்தாலோ ஹாஷ் மாறாது; ஒரு நொடியை வெட்டினால்கூட முழுசாக மாறிவிடும்.

இந்த இடத்தில் திறமூல மென்பொருள் இலவசம் என்பது சின்ன லாபம்தான். எதிர்த்தரப்பு வக்கீல் தன் கணினியில், வேறொரு மென்பொருளில் போட்டாலும் அதே 64 எழுத்து வரும். "வாட்டர்மார்க் சரி" (பதிவில் கை வைக்கவில்லை) என்று டி.வி.ஆர். கம்பெனியின் பிளேயர் பச்சை விளக்குக் காட்டுவதை வெளியாள் எப்படிச் சரிபார்ப்பது?

கறுப்புக்கோட்டு:
1.7.2024 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023 நடைமுறையில் இருக்கிறது. மின்னணு ஆதாரம் பற்றிய பழைய சட்டத்தின் 65பி இப்போது பிரிவு 63. சான்றிதழ் படிவம் அட்டவணையிலேயே இருக்கிறது. பகுதி ஏ, கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு. பகுதி பி நிபுணருக்கு. சங்கச் செயலாளர் பகுதி பி-யில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். ஹாஷ் வகைக்கு எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5 எல்லாம் கொடுத்திருப்பார்கள், 256-ஐ டிக் செய்யுங்கள். ஒரே ஹாஷ் வரும் இரு வேறு கோப்புகளை எம்.டி.5-க்கு 2004-லும் எஸ்.எச்.ஏ.1-க்கு 2017-லும் உருவாக்கிக் காட்டியாயிற்று.

சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் பழைய 65பி-யின் கீழேயே 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். போலீஸ் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. குறுக்கு விசாரணையில் "எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 94-இன் கீழ், எந்தக் கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மின்னணு வடிவில் வந்தாலும் செல்லும். கொடுக்கும்போது குற்ற எண், கோப்பின் பெயர், ஹாஷ் மூன்றும் போட்டு ஒப்புகை வாங்குங்கள்.

தாழ்ப்பாள்:
டி.வி.ஆரையே எடுத்துப் போகிறோம் என்றால்? டிஸ்கை மட்டும் கழற்றிக் கொடுக்கலாமா?

ஒயர்மேன்:
கழற்றலாம், ஆனால் நீங்களாக விண்டோஸ் கணினியில் சொருகிப் பார்க்காதீர்கள். டி.வி.ஆர். டிஸ்கின் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாவிட்டால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும்; அவசரத்தில் யாராவது சரி என்று அழுத்திவிடுவார்கள். மெனுவில் ஷட்டவுன் கொடுத்து அணைத்து, டி.வி.ஆர். சீரியல் எண், டிஸ்க் சீரியல் எண் இரண்டும் மகஜரில் (கைப்பற்றியதைப் பதியும் பட்டியல்) ஏறுகிறதா என்று பாருங்கள். புது டிஸ்க் கையில் தயாராக இருக்கட்டும், இல்லையென்றால் அன்றிரவு கேமரா கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும்.