ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் திடீரென்று ஆஃப் ஆகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கனடா வந்து, கையில் இருக்கும் காசுக்கு ஒரு பழைய சிவிக்கோ கொரோலாவோ கோபால்ட்டோ வாங்கிய தம்பி தங்கைகள் கோடை வந்தால் கேட்கும் கேள்வி இது. "அண்ணா, நல்லா ஓடிட்டிருந்த வண்டி திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மெக்கானிக்கிட்ட போனா எல்லாம் சரியா இருக்குங்கறார். சேஃப்டி பாஸான வண்டிதானே?"

முதலில் சேஃப்டி, அதாவது பாதுகாப்புச் சான்றிதழ். ஒண்டாரியோவில் பிரேக், ஸ்டீயரிங், டயர், லைட் என்று பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றைப் பார்த்துத்தான் அந்தச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். செல்லுபடி 36 நாள். என்றைக்கோ ஒரு நாள் சூட்டில் நிற்கும் இன்ஜினைக் கண்டுபிடிப்பது அதன் வேலை இல்லை. மெக்கானிக் சொன்னதும் பொய் இல்லை. அவர் கடைக்குப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்கும், கோளாறும் ஓடி ஒளிந்திருக்கும். வண்டி நின்ற நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருந்தவர் நீங்கள் மட்டும்தான். அந்த இரண்டு நிமிடத்தில் எதைப் பார்த்தீர்கள் என்பதை வைத்துத்தான் பாதி வேலை முடியும்.

ஓடும்போது நின்றால் என்ன செய்வது? ஸ்டீயரிங் கல் மாதிரி கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு அழுத்தலுக்குத்தான் வரும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சாவியை வெளியே எடுக்கவே கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு லைட்டைப் போட்டு, நியூட்ரலுக்குத் தள்ளி, உருண்டுகொண்டே செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். 401 நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிட்டால் அங்கே ஆராய்ச்சி வேண்டாம், வண்டியை இழுத்துப் போகும் டோவுக்குச் சொல்லுங்கள். டொரண்டோ பகுதி நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் 2021 கடைசியிலிருந்து அனுமதி பெற்ற டோ டிரக்தான் இழுக்கலாம். தானாக வந்து நிற்கிற ஆள் நீட்டும் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பத்திரமான இடத்தில் நின்றால் ஆராய்ச்சி செய்யலாம். வண்டி எப்படி நின்றது? சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம் பக்கம். திக்கித் திணறி, இழுவை குறைந்து, முக்கி முனகி நின்றால் பெட்ரோல் பக்கம். வண்டி இன்னும் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்ததா? அப்படியென்றால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது), இக்னிஷன் மாட்யூல் (ஸ்பார்க்கை இயக்குவது), இக்னிஷன் சுவிட்ச் (சாவி திருப்பும் இடம்) இந்த மூன்றின் மேல் சந்தேகம் கூடுகிறது. டேஷ்போர்டு மொத்தமும் இருண்டதா, ரேடியோவும் நின்றதா? பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு இந்த ஊரில் எர்த் வயரையும் தின்றுவிடும்.

அப்புறம் சாவி. செல்ஃப் அடிக்காமல் ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி நிறுத்துங்கள். செக் இன்ஜின் லைட் எரிகிறதா? பின்சீட் பக்கமிருந்து ஃப்யூயல் பம்ப் "ஊம்" என்று இரண்டு விநாடி ஓடி நிற்கிறதா? நல்ல நாளில் இதை ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற நாளில் வித்தியாசம் தெரியும். லைட்டே வரவில்லை என்றால் பெரும்பாலும் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகவில்லை. இன்ஜெக்டர், ஸ்பார்க் பிளக் எதையும் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இடத்தில் 90-களின் ஹோண்டாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிவிக், அக்கார்டு வைத்திருப்பவர்கள் மெயின் ரிலே என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டிரைவர் பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டி. கம்ப்யூட்டருக்கும் ஃப்யூயல் பம்புக்கும் கரண்ட் கொடுப்பது அதுதான். வெயிலில் நிறுத்திய கார் செல்ஃப் நன்றாக அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சில வண்டிகள் ஓடும்போதே நிற்கும். பெட்டியைத் திறந்து போர்டைக் கவிழ்த்து டார்ச் அடித்தால், தடிமனான பின்களைச் சுற்றி ஈயப்பற்றில் முடி கனத்தில் ஒரு வட்ட விரிசல் தெரியும். சூட்டில் உலோகம் விரிந்ததும் அந்த இடத்தில் தொடர்பு விடும், ஆறினால் திரும்ப ஒட்டும். மறுபடி ஈயம் வைத்தால் பல வருடம் ஓடுகிறது. சால்டரிங் கை வராதவர்கள் புது ரிலே மாட்டலாம், அதுவும் பெரிய செலவில்லை. இதைப் பார்க்காமல் ஃப்யூயல் பம்பை மாற்றி நூற்றுக்கணக்கில் விட்டவர்கள் உண்டு.

ஜெனரல் மோட்டார்ஸின் கோபால்ட், சாட்டர்ன் ஐயான் வைத்திருப்பவர்கள் வண்டி நின்றதும் சாவி எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆனிலிருந்து தானாகவே அக்சசரிக்கு (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலை செய்யும் இடத்துக்கு) திரும்பியிருந்தால் வேறு எதுவும் தேட வேண்டாம். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ குழியில் விழுந்தாலோ சுவிட்ச் நழுவி, இன்ஜினோடு ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகும். வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) கொடுத்துக் கேட்டால் அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று டீலர் சொல்லிவிடுவார். எத்தனை கை மாறிய வண்டியானாலும் ரீகால் வேலை இலவசம். அதுவரைக்கும் சாவியைத் தனியாக மாட்டுங்கள், வீட்டுச்சாவி, லாக்கர் சாவி, பிள்ளையார் டாலர் எல்லாம் சட்டைப்பைக்கு.

சூட்டில் நின்று ஆறினால் ஓடும் வண்டிகளில் இன்னொரு வழக்கமான ஆள் கிராங்க் சென்சார். கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு (கோடு) P0335 வரலாம், வராமலும் போகலாம். கனடாவில் 1998 மாடலிலிருந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே, கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்க ரீடர் மாட்டும் ஓபிடி போர்ட் இருக்கும். ஒரு ப்ளூடூத் ரீடர் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். நின்ற உடனே போனில் லைவ் டேட்டாவைத் திறந்து செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஆர்பிஎம் 0 என்று காட்டுகிறது என்றால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை. சென்சாரும் அதன் வயரும்தான் முதல் குற்றவாளி. 200, 250 என்று காட்டினால் சென்சாரை விட்டுவிட்டு பெட்ரோல் பக்கம் போங்கள். கோடு விழுந்திருந்தால் அழிக்காதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள். அந்த நேரத்து வேகம், சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற கம்ப்யூட்டர் பதிவில் இருக்கும், கழற்றினால் போய்விடும்.

ஃப்யூயல் பம்ப் தேய்ந்துவிட்டால் டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போதுதான் அதிகம் படுத்தும், ஏனென்றால் அதைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். உதவிக்கு ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். ஸ்டார்ட் ஆனால் பம்புக்கு நாள் எண்ணலாம்.

இந்த ஊருக்கே உரிய ஒன்று: முந்தைய ஓனர் மாட்டிய ரிமோட் ஸ்டார்ட்டர், அதாவது தூரத்திலிருந்தே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் கருவி. நல்ல கை செய்தால் பிரச்சினை இல்லை. அவசரத்தில் இக்னிஷன் வயரைக் கிள்ளி, மொட்டையாக முறுக்கி டேப் சுற்றிய வேலை என்றால் குழியில் ஏறும்போதெல்லாம் வண்டி நிற்கும். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங் அடியில் உள்ள வயர்க்கட்டை மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

சிக்னலில் ஐடிலில் மட்டும் நிற்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஓடுகிறது என்றால் அது வேறு கதை. இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியில் கரி, ஐடில் வால்வு, எங்கோ காற்றுக் கசிவு. பத்துப் பதினைந்து டாலர் கிளீனர் டப்பாவோடு ஆரம்பியுங்கள்.

கடைக்குப் போகும்போது "ட்யூன் அப் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். எந்த நாள், எத்தனை நேரம் ஓட்டிய பின், வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு, முள் விழுந்ததா, பம்ப் சத்தம் கேட்டதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நின்ற நிமிடத்தை போனில் வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது. டயக்னோஸ்டிக் கட்டணம் கொடுக்கத் தயங்க வேண்டாம். தெரியாமல் மாற்றும் ஒரு பார்ட்டை விட அது மலிவு. சட்டமும் உங்கள் பக்கம். ஒண்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்களே வேண்டாம் என்று சொன்னால் ஒழிய வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும், பில் அதை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது. புது பார்ட்டுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு. கழற்றிய பழைய பார்ட் வேண்டும் என்று வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.