தடுப்பாற்றல் ஒடுக்கமா, மடைமாற்றமா?

ஐயா, நம் மருத்துவக் கலைச்சொல் தொகுப்பில் 'இம்யூன் சப்வெர்ஷன்' என்பதற்கு, அதாவது கிருமி நம் தடுப்பாற்றலைக் குலைப்பதற்கு, 'தடுப்பாற்றல் ஒடுக்கம்' போதும் என்று எழுதியிருந்தீர்கள். ஈறு நோய் பற்றிய பகுதிக்கு அது ஒட்டாது என்று நினைக்கிறேன். ஒடுக்கம் என்றால் அழற்சி அடங்கியிருக்க வேண்டுமே? இங்கே ஈறு சிவந்து வீங்குகிறது, பல் துலக்கினாலே இரத்தம் வருகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் வெள்ளணுக்கள் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலும் நியூட்ரோஃபில்கள். வர வேண்டியவை வந்துவிட்டன. வந்தும் கிருமி சாகவில்லை, அதுதான் சிக்கல்.

போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம். அதன் ஜிஞ்சிபெயின் நொதிகள், கிருமிகளை எதிர்க்க நம் இரத்தத்தில் இருக்கும் நிரப்புப் புரதங்களில் ஒன்றான சி5-ஐத் தாங்களே வெட்டி, சி5ஏ என்ற துண்டை விடுவிக்கின்றன. சி5ஏ வெள்ளணுக்களை வரவழைக்கும் பொருள். அதைப் போய் கிருமியே தயாரிக்கிறது! கூடவே வெள்ளணுவில் பாக்டீரியாவை உணரும் டிஎல்ஆர்2 என்ற ஏற்பியையும் தூண்டிவிடுகிறது. சி5ஏ-வுக்கான ஏற்பியும் டிஎல்ஆர்2-உம் ஒருசேர இயங்கும்போது, நியூட்ரோஃபிலுக்குள் மைடி88 என்ற இணைப்புப் புரதம் சிதைந்துபோகிறது. கிருமியைக் கொல்லும் வழி அதை நம்பித்தான் இருக்கிறது. அப்புறம் பிஐ3கே நொதி வழியாக வேறொரு பாதை திறந்துகொண்டு, செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் ஆக்டின் இழைகள் கோத்துக்கொள்வதைத் தடுக்கிறது. ஆக்டின் கோக்காவிட்டால் வெள்ளணுவால் கிருமியை வளைத்து விழுங்க முடியாது. அதே பாதை அழற்சியை மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. 2014-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அழற்சியில் சிதையும் திசுவின் புரதத் துணுக்குகளும் இரும்புச்சத்தும் கிருமிக்கு உணவாகின்றன. பக்கத்திலிருக்கும் மற்ற பாக்டீரியாக்களும் அந்தத் தயவில் பிழைத்துக்கொள்கின்றன.

எனவே என் பரிந்துரை 'தடுப்பாற்றல் மடைமாற்றம்'. தண்ணீர் வரத்து நிற்கவில்லை, பாயும் வயல்தான் மாறிவிட்டது. 'கவிழ்ப்பு' என்றால் ஆட்சிக் கவிழ்ப்பு நினைவுக்கு வந்துவிடும். 'திரிபு' நல்ல சொல்தான், ஆனால் வைரஸ்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மறுமொழி:

மடைமாற்றம் நன்றாக இருக்கிறது, அம்மா. ஒடுக்கத்தை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லா ஈறுக் கிருமிகளுக்கும் இது பொருந்துமா? அக்ரிகேட்டிபாக்டர் தன் லுகோடாக்சின் என்ற நச்சினால் வெள்ளணுவையே கொன்றுவிடுகிறது. டிரெப்போனிமா டென்டிகோலாவின் மேலுறைப் புரதமோ நியூட்ரோஃபிலை இலக்கு நோக்கி நகரவே விடுவதில்லை. இவற்றையும் மடைமாற்றம் என்பீர்களா?

இன்னொன்று. தொகுப்பில் இதயம் பற்றிய பகுதியில், இரத்தம் வழிமாறிப் பாய்வதற்கும் யாராவது இதே சொல்லைக் கேட்டால் என்ன செய்வது?

மறுமொழி:

பொருந்தாது ஐயா, பொருந்தவும் வேண்டாம். அக்ரிகேட்டிபாக்டர் செய்வது நேரடிக் கொலை. 'வெள்ளணுக்கொல்லி நச்சு' என்று ஏற்கெனவே நம் பட்டியலில் இருப்பதே சரி. வேதிப்பொருளின் அழைப்பை நோக்கி வெள்ளணு நகர்வதுதானே வேதிநகர்வு, டிரெப்போனிமா செய்வதை 'வேதிநகர்வுத் தடை' என்று சொல்லிவிடலாம். ஜிஞ்சிவாலிஸுக்கே இன்னொரு வேலையும் உண்டு. ஈறின் மேற்புறச் செல்கள் இன்டர்லூகின்-8 என்ற அழைப்புப் பொருளை வெளியிடாமல் அது தடுத்துவிடுகிறது. ஒரு பக்கம் தானே அழைக்கிறது, மறுபக்கம் அழைப்பைத் தடுக்கிறது, பலே கிருமி. இன்டர்லூகின்-8 போன்ற அழைப்புப் புரதங்களுக்குக் கீமோகைன் என்று பெயர், அதனால் 1998-இலேயே இந்தத் தடுப்புக்குக் 'கீமோகைன் பராலிசிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நமக்குக் 'கீமோகைன் முடக்கம்' போதும், கீமோகைனைத் தமிழாக்க இப்போது அவசரமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் 'வெள்ளணுச் செயல்குலைப்பு' என்று வைக்கலாம். வெள்ளணுவின் வேலை நடந்துகொண்டே இருந்து, பலன் மட்டும் கிருமிக்குப் போகும் இடத்தில்தான் மடைமாற்றம். அந்த வேலையைச் செய்யும் புரதத்தை 'மடைமாற்றி' என்று சொல்லவும் வசதியாக இருக்கிறது.

இதயப் பகுதி பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அங்கே 'குருதி மடைமாற்றம்' என்று வரட்டும், இங்கே 'தடுப்பாற்றல்' என்ற அடை இல்லாமல் தனியாக எழுத வேண்டாம். தொகுப்பில் அப்படியே குறிப்புப் போட்டுவிடுகிறேன்.